இரட்டைக் கொம்பு

அஞ்சல்தலை அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலைக்கு அவள் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. நாட்டின் தொன்மைச் சின்னமான கோட்டைக்கு நினைவு அஞ்சல்தலை. மறுநாள் காலையில் வெளியீட்டு விழா. மாதிரித் தாளை மூன்று முறை படித்துத்தான் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அச்சாகி வந்த தாளொன்றை லென்ஸ் வழியே பார்த்தவள் மறுபடியும் குனிந்து பார்த்தாள். ‘பழங்கோட்டை’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘பழங்கொட்டை’ என்று இருந்தது. இரட்டைக் கொம்புக்குப் பதில் ஒற்றைக் கொம்பு. படத்தைப் பார்த்துவிட்டுப் படித்ததால் மூன்று முறையும் வாய் கோட்டை என்றே படித்துத் தொலைத்திருக்கிறது.

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?” என்றார் மேற்பார்வையாளர்.

சொல்லாமல் விட்டால் யார் கண்ணிலும் படாமலே போகலாம். சொன்னால் வேலை போவது நிச்சயம். தாளை அவரிடம் நீட்டினாள்.

“சார், நம்ம கோட்டை கொட்டையாயிருச்சு.”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பார்த்தபடியே நாற்காலியில் சரிந்தார்.

“எந்தப் படையாலயும் இடிக்க முடியாததை நாம ரெண்டு பேரும் இடிச்சுட்டோமே.”

“கையெழுத்து என்னோடதுதானே, சார்?”

“கீழ என்னோடதும் இருக்கு. நீ படிச்சிருப்பேன்னு நான் படிக்காமயே போட்டுட்டேன்.”

அவரே சரிந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அவளுடைய பயம் இரட்டிப்பானது. இயந்திரத்தை நிறுத்த அவர் எழுந்திருப்பார் என்று காத்திருந்தாள். அவர் எழவில்லை. அவளே நடந்துபோய் இயந்திரத்தின் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

சத்தம் அடங்கியதும் கூடத்திலிருந்த அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.