அஞ்ஞானிகள் கேட்ட பிரசங்கம்

நாசரேத் ஜெபசீலனுக்கு உபதேசியார் ஆகிவிட வேண்டும் என்று ஒரே ஆசை. ஆசைக்குக் குறுக்கே நின்றது அவருடைய பிரசங்கம்தான். அவர் வாயைத் திறந்தால் போதும், முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை கொட்டாவி ஓடும். குருவானவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒன் பிரசங்கத்த ஒருத்தனாவது முழிச்சிருந்து கேட்டான்னு கையெழுத்து வாங்கிட்டு வா. இல்லன்னா இந்தப் பேச்ச இத்தோட விட்டுரு."

அதனால்தான் எழுபத்து நாலாம் வருஷத் தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் பஸ் ஏறினார். அத்தனை ஆயிரம் அஞ்ஞானிகளில் ஒருவன்கூடவா விழித்திருக்க மாட்டான்? அடி விழுமோ என்ற பயமும் இல்லாமல் இல்லை. வெள்ளைக் கோட்டும் கறுப்புக் குடையும் கக்கத்தில் வேதப்புத்தகமுமாகக் கடற்கரையில் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று, "மாயக்காரரே!" என்று ஆரம்பித்தார்.

போய்க்கொண்டிருந்த வேஷக் கூட்டம் நின்றது. காளி, குரங்கு, போலீஸ், இரண்டு கரடி. அம்மனுக்கு நேர்ந்துகொண்டு யார் எந்த வேஷமும் கட்டலாம் என்கிற ஊரில், உபதேசியார் வேஷத்தை மட்டும் அதுவரை ஒருத்தரும் பார்த்ததில்லை.

"ஏலே, புது வேஷம்லே! பாவம், செட்டு சேராமத் தனியா வந்திருக்காரு. எடம் விடுங்கலே!" என்றது காளி.

உங்களுக்கெல்லாம் நரகம்தான் என்றார் ஜெபசீலன். கைதட்டினார்கள். கந்தகம் எரியும் என்றார். இன்னும் சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். வேடிக்கை பார்க்க வந்த செல்லக்கிளி ஒரு தம்ளர் சுக்குக்காப்பியை நீட்டி, "தொண்ட கட்டிரும் அண்ணாச்சி, குடிச்சிட்டு ஏசுங்க" என்றாள்.

அவருக்கு மனசு உறுத்தியது. "நான் வேஷம் கட்டல. நெசமாத்தான் ஏசுதேன்!" என்று கத்தினார்.

"பாத்தியளா? கொஞ்சமாச்சும் வேஷத்த விட்டு எறங்குதாரா?" என்று குரங்கு சொக்கிப்போனது.

இரண்டு மணி நேரம் பேசினார். ஒரு கொட்டாவி இல்லை. முடித்தபோது ஜெபசீலனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம் அவர் ஆயுசில் அனுபவித்ததில்லை. காகிதத்தை நீட்டினார். எல்லோரும் ஆசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். வாங்கிப் பார்த்தார். காளி, குரங்கு, போலீஸ், கரடி, இன்னொரு கரடி.

"ஐயோ, சொந்தப் பேரப் போடுங்கய்யா!"

"அம்மனுக்கு நேந்து போட்ட மாலையக் கழத்துத வரைக்கும் எங்க செட்டுல ஒருத்தருக்கும் சொந்தப் பேரு கெடையாது, அண்ணாச்சி" என்றது காளி, கண்டிப்பாக.

இதைக் குருவானவரிடம் கொடுத்தால் அன்றோடு எல்லாம் முடிந்தது. ஜெபசீலன் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

காளி பக்கத்தில் வந்து குந்தியது. "மனசு ஒடையாதீங்க. அடுத்த வருசம் எங்க செட்டோடயே வாங்க. இதவிட நல்லா ஏசணும், என்ன?"

மாட்டேன் என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார்.

"எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.