பாட்டிலில் ஒட்டிய முகம்

மருதையன் கட்ட வேண்டிய குத்தகை பாக்கி நாற்பத்தோராயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். புயலடித்த வருடம் கதிர் சாய்ந்தது. அடுத்த வருடம் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் நாற்று முற்றிப்போனது. அதற்கும் அடுத்த வருடம் அறுப்பு நேரத்து மழையில் நெல் வயலிலேயே முளைத்தது. எல்லாம் சேர்ந்து அந்தத் தொகையில் வந்து நின்றது. ஒன்றரை ஏக்கர் குத்தகை நிலம். அதை விட்டால் அவருக்கும் அவர் மனைவி தங்கம்மாளுக்கும் வேறு பிழைப்பு கிடையாது.

நிலத்துக்காரர்கள் தஞ்சாவூரில் இருந்தார்கள். அவர்களுடைய காரியக்காரர் இராஜாங்கம் ஒரு நாள் வரப்பில் வந்து நின்றார்.

"மருதா, பெரிய வீட்டுத் தம்பி உன்னைக் காரைக்காலுக்கு வரச் சொல்லுது. பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு வா. பாக்கியை ஒரேயடியா முடிச்சுப்புடலாம்னு சொல்லுது."

"முடிக்கிறதுன்னா எப்படிங்க?"

"வந்தாத்தானே தெரியும்!"

பாக்கி நின்றால் கோர்ட்டில் மனுப் போட்டு நிலத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்று ஊரில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாகூர் வழியாகப் போகிற பஸ்ஸில் தங்கம்மாள் வழியெல்லாம் ஒரே பேச்சுதான் பேசினாள்.

"எதுல கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடாதீங்க. எழுத்துக்கூட்டிப் படிச்சுப் பார்க்காமப் போடாதீங்க. ஆமா, சொல்லிப்புட்டேன்."

"சரி புள்ள, சரி. எத்தனை தடவை சொல்லுவ?"

வாஞ்சூர் தாண்டிக் காரைக்காலில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனார்கள். தம்பி ஏதோ கம்பெனி வைத்திருக்கிறார் என்று மட்டும்தான் தெரியும். ரைஸ்மில் மாதிரி இருக்கும் என்று மருதையன் நினைத்திருந்தார். உள்ளே போனால் ஆஸ்பத்திரி மாதிரி பளபளவென்று இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் எவர்சில்வர் தொட்டிகள் நின்றன.

"என்னங்க இது, நீராகாரம் புளிச்ச வாடை அடிக்குது?" என்றாள் தங்கம்மாள்.

"பீர் கம்பெனி ஆத்தா" என்று சிரித்தார் அங்கே காத்திருந்த இராஜாங்கம். "உனக்குத்தான் சாராயக்கடைன்னா ஆகாதே. இங்கயும் ரோட்டுல உக்காந்துறாத!"

தங்கம்மாள் வந்த வழியே வாசலுக்குத் திரும்பிவிட்டாள். ஊர் டாஸ்மாக் கடையை மூட வைக்க நடுரோட்டில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவள் அவள். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசற்படிக்கு உள்ளே ஓர் அடிகூட வர மாட்டேன் என்பதுபோல் நின்றாள்.

நிலத்துக்காரரின் பேரன் பிரகதீஸ் வந்தான். முப்பது வயதிருக்கும். அரை டிரவுசரும் தாடியுமாக இருந்தான்.

"வாங்கண்ணே, வாங்கக்கா. உக்காருங்க" என்று நாற்காலியை அவனே இழுத்துப் போட்டான். உயரமான கண்ணாடி கிளாஸில் தேன் நிறத்தில் நுரையோடு ஊற்றி மருதையன் கையில் கொடுத்தான். "உங்க வயல் அரிசிண்ணே. தை மாசம் முளைக்காம மிஞ்சின நெல்லை வாங்கினேனே, மாப்பிள்ளைச் சம்பா, அதையும் சேர்த்துச் செஞ்சது. குடிச்சுப் பார்த்து நீங்கதான் சொல்லணும்."

மருதையன் குடியை விட்டு வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் பாக்கிக்காரன் முகத்தைச் சுளிக்க முடியுமா? கள் மாதிரிதான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் நிறைய வாங்கினார்.

முதலில் ஆரஞ்சுத் தோலைக் கசக்கிய வாசம் மூக்கில் ஏறியது. அதைப் பின்னாலேயே துரத்திக்கொண்டு கசப்பு வந்தது. டெங்கு வந்த வருடம் பஞ்சாயத்தில் நிலவேம்புக் கஷாயம் கொடுத்தார்களே, அதை இன்னும் ஒரு பங்கு சுண்டக் காய்ச்சினால் வரும் கசப்பு. நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துப்பவும் பயம், விழுங்கவும் பயம். எப்படியோ விழுங்கினார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. சரக்கு கெட்டுப்போச்சு போலருக்குங்களே."

பிரகதீஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "கெடலைண்ணே! இதோட ருசியே கசப்புதான். ஹாப்ஸ்னு ஒரு பூ. அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் கப்பல்ல நம்ம நாட்டுக்கு அனுப்பின பீரு. மாசக்கணக்காக் கடல்ல வரணும்ல? கெடாம இருக்கணும்னு பூவைத் தூக்கலாப் போட்டான். இந்தியா பேல் ஏல்னு பேரு."

"இந்தக் கசப்பையா காசு குடுத்து வாங்குறாங்க?"

"பாட்டில் முந்நூத்தம்பது."

"அடப்பாவி! ஒரு நாள் நடவுக் கூலி" என்றாள் வாசலில் நின்ற தங்கம்மாள்.

அவள் பக்கத்தில் பெட்டி பெட்டியாகப் பாட்டில் அடுக்கியிருந்தது. பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள், எதையோ பார்த்துவிட்டுக் குனிந்தாள். ஒரு பாட்டிலைக் கையிலேயே எடுத்துவிட்டாள்.

"ஏங்க... இங்க வாங்க. இது நீங்கதானே?"

மருதையன் எழுந்து போய்ப் பார்த்தார். அவர்தான். சட்டையில்லாத உடம்பு, விலா எலும்பு தெரிய. துண்டு இடுப்பில். கையில் நாற்று முடி. யாரோ எதிரில் நிற்கிறமாதிரி லேசாகக் கூனிக்கொண்டு நிற்கிற நிலை.

ஐப்பசி வெள்ளத்தில் வயல் மூழ்கியபோது எடுத்த படம். அப்போது அதிகாரிகள் ஊர் ஊராக வந்து வயலில் ஆளை நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இராஜாங்கத்தோடு ஒருவன் பெரிய கேமராவும் கையுமாக வந்தபோது மருதையன் அதையும் வெள்ள நிவாரணப் படம் என்றே நினைத்தார். சட்டை போட்டிருந்தால் வசதியான ஆள் என்று தொகையைக் குறைத்துவிடுவார்களோ என்று அவரேதான் சட்டையைக் கழற்றினார். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டியதும் அவரேதான். கொஞ்சம் குனிந்து நின்றதும்கூட. கேமராக்காரன் "சூப்பர்" என்றான். நிவாரணம் வரவில்லை. படம் இங்கே வந்திருக்கிறது.

படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் ஏதோ போட்டிருந்தது. முப்பது வயதில் அறிவொளி வகுப்பில் எழுத்துக்கூட்டப் பழகியவர் அவர். விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினார்.

ப. ண். ணை. யா. ள்.

தப்பாகப் படித்துவிட்டோம் என்று திரும்பவும் கூட்டினார். அதேதான் வந்தது.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் தங்கம்மாள்.

அவர் விரலை அந்த எழுத்தின் மேலேயே வைத்திருந்தார். அவருடைய அப்பா பண்ணையாளாக, அடிமை ஆளாக இருந்தவர். இதே பிரகதீஸின் தாத்தா வீட்டில். கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்து, திருச்சி ஜெயிலுக்குப் போய், புது ஆட்சி குத்தகைக்காரருக்குச் சட்டம் போட்ட பிறகு இந்த நிலத்தின் குத்தகைப் பதிவில் தன் பெயரை ஏற்றினார். பதிவான அன்று வீட்டுக்கு வந்து, "இனிமே நம்ம வாசல்ல நின்னு எவனும் அந்தப் பேரைச் சொல்லக் கூடாது" என்றார். யாரும் சொல்லவில்லை. இத்தனை வருடமாக ஒருவரும் சொல்லவில்லை.

"பண்ணையாள்னு போட்டிருக்கு" என்றார் மெதுவாக.

தங்கம்மாளுக்கு முகம் செத்துப்போனது.

"மரியாதைக்குத்தான் போட்டேண்ணே" என்றான் பிரகதீஸ். அவன் சிரிப்பு இன்னும் முழுசாக அடங்கவில்லை. "நம்ம மண்ணோட பாரம்பரியம்ல? பெங்களூர்ல எல்லாரும் கேக்குறாங்க, யாரு இந்தப் பெரியவருன்னு. அதான் உங்ககிட்ட ஒரு கையெழுத்து வேணும், படம் போட்டுக்க சம்மதம்னு. போட்டீங்கன்னா பாக்கி மொத்தமும் தள்ளுபடி."

இராஜாங்கம் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். "யாருக்குடா கிடைக்கும் இந்த யோகம்? போடு."

ஒரு கையெழுத்து. நிலம் நிற்கும், கோர்ட்டு கிடையாது. மருதையன் பேனாவை வாங்கிக்கூட விட்டார். பஸ்ஸில் அவ்வளவு பேசிய தங்கம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள்.

பேனாவைக் காகிதத்தின் மேலேயே வைத்துவிட்டார்.

"முடியாதுங்க தம்பி."

"டேய், நிலம் போயிரும்டா!" என்றார் இராஜாங்கம்.

"போனாப் போவுதுங்க. வேற எங்கனயாவது கூலிக்கு நடுவோம். இந்தப் பேருக்கு நான் கையெழுத்துப் போட்டா, எங்கப்பா ஜெயிலுக்குப் போனது எதுக்குங்க?"

பிரகதீஸின் சிரிப்பு இப்போதுதான் நின்றது. அவனுக்கு அந்தச் சொல் ஏதோ பழைய பாட்டு மாதிரி அழகாகக் கேட்டிருக்க வேண்டும். அதற்குள் ஓர் ஆள் இருப்பான் என்று தெரியாதவன்போல் மருதையனையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தான்.

தங்கம்மாள் உள்ளே வந்தாள். மூக்கிலிருந்த முந்தானையை எடுத்துவிட்டாள்.

"தம்பி, இந்தப் படத்தை ஒட்டி எத்தனை வித்தீங்க?"

"ஒரு ரெண்டாயிரம் பாட்டில் இருக்கும்க்கா."

"ரெண்டாயிரமா!" அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "கேக்காமலேயே? நாத்து நட்டாக் கூலி, களை பறிச்சாக் கூலி. இந்த மனுசனை ரெண்டாயிரம் தடவை பண்ணையாளா நிக்க வச்சிருக்கீங்களே, அதுக்குக் கூலி கிடையாதா?"

"ஏய், யார்கிட்ட பேசுற!" என்று பாய்ந்தார் இராஜாங்கம்.

"உங்ககிட்ட இல்லைங்க, தம்பிகிட்ட. தம்பி, வித்த பாட்டிலுக்கு நாங்க உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி சரியாப் போச்சு. இனிமே ஒண்ணுகூட இந்தப் படத்தோட வெளியில போவக் கூடாது. போனா உங்க கம்பெனி வாசல்லயும் உக்காருவேன். எனக்கு ரோடு புதுசில்ல."

தொட்டிகளுக்குள் ஏதோ கொப்பளிக்கிற சத்தம் கேட்டது.

"சரிக்கா" என்றான் பிரகதீஸ். குரல் உள்ளே போயிருந்தது. "கிழிச்சிடச் சொல்றேன்."

"சொல்ல வேணாம். அண்டாவுல தண்ணி கொண்டாங்க."

தண்ணீர் வந்தது. தங்கம்மாள் தரையில் உட்கார்ந்து பாட்டில்களை அமிழ்த்தினாள். ஊறிய படம் களை மாதிரி வேரோடு வந்தது. மருதையனும் உட்கார்ந்தார். தன் விலா எலும்பைத் தானே நகத்தால் சுரண்டுவது என்னவோபோல் இருந்தது. நின்று பார்த்துக்கொண்டிருந்த பிரகதீஸும் எதிரில் வந்து குந்தினான்.

"வித்ததெல்லாம் இப்ப எங்க தம்பி கிடக்கும்?" என்று கேட்டாள் தங்கம்மாள்.

அவன் தலை நிமிரவில்லை. "தெரியலக்கா."

கடைசிப் பெட்டியும் முடிந்த பிறகு இராஜாங்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ரசீது எழுதினார். மருதையன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு அதை வாங்கி, விரல் வைத்து, அவசரப்படாமல் கூட்டிப் படித்தார். நாற்பத்தோராயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய் முழுதும் வரவு. பாக்கி இல்லை. பிரகதீஸ் கையெழுத்துப் போட்டான்.