பதினாறு படிகளுக்கு ஒரு கைப்பிடி

ஓய்வு பெற்ற மனிதனுக்குக் கிறுக்குப் பிடிக்க எத்தனையோ வழி இருக்கிறது. ஒருவர் மொட்டை மாடியில் தோட்டம் போடுவார், ஒருவர் மீன் தொட்டி வைப்பார், இன்னொருவர் விடிந்ததும் பூங்காவுக்குப் போய்க் கைதட்டிச் சிரித்துவிட்டு வருவார். டீச்சரின் கணவருக்குப் பிடித்தது இரும்பு. முப்பத்து நான்கு வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற மனிதர். முத்திரையைத் தவிர வேறெதையும் ஓங்கி அடித்தறியாதவர். வீட்டில் குழாய் சொட்டினால் வாளியைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பார். அவருக்குத் தெரிந்த பழுது பார்க்கும் வேலை அவ்வளவுதான். அப்பேர்ப்பட்டவர் அறுபத்து மூன்று வயதில், காரை விற்றுவிட்டு, கீழே இருந்த கார் கொட்டகையைக் கொல்லுப் பட்டறை ஆக்கினார் என்றால் டீச்சர் சிரிக்காமல் என்ன செய்வாள்?

சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் மாடியில் இருந்தபடிதான் சிரிக்க முடிந்தது. பட்டறை எழும்பிய அதே மாதத்தில் அவளுடைய இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. குடியிருப்பு மாடியில். தெருவுக்கு இறங்க வெளிப்புறமாகப் பதினாறு படிகள். ஒரு பக்கம் வழவழவென்ற சுவர், மறுபக்கம் வெட்டவெளி. அந்த வெட்டவெளிப் பக்கத்தில் ஓர் இரும்புக் கைப்பிடி இருந்தது. துருப்பிடித்து ஆடியது உண்மைதான். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில் கண்காணிப்பாளர் அதைக் கழற்றி எடுத்துவிட்டார்.

"துருப்பிடிச்சதெல்லாம் உனக்கு ஆகாது. நானே புதுசா அடிச்சுத் தர்றேன்" என்றார்.

"சரி, பழசு எங்கே?"

"அதைத்தான் வெட்டி அடிச்சுப் பழகிட்டு இருக்கேன்" என்றார் மனிதர், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

ஆஸ்பத்திரி ஆட்கள் டீச்சரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்து மேலே விட்டுப் போனார்கள். அதற்கப்புறம் நாலு மாதம் அவள் கால் தெருவில் படவில்லை. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "படி இறங்கலாம் டீச்சர், ஆனா கைக்கு ஒரு பிடிமானம் வேணும். ஆளைப் பிடிச்சுக்கிட்டு மட்டும் இறங்காதீங்க." அதையும் மீறி ஒரு தடவை கணவரின் கையைப் பிடித்து இறங்கிப் பார்த்தாள். மூன்றாவது படியில் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. கையை விட்டுவிட்டு "ஹலோ" என்றார். எந்தக் கரி நன்றாக எரியும் என்று இன்னொரு கிறுக்கன் சந்தேகம் கேட்கிறான்! டீச்சர் அப்படியே படியில் உட்கார்ந்து, பின்னுக்குத் தள்ளித் தள்ளி மேலே ஏறி வந்து சேர்ந்தாள்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய் வந்தவள் அவள். தெரு முனை திரும்பினால் கடைத்தெரு. அங்கே போய் நாலு பேரிடம் நாலு வார்த்தை பேசி, காய்கறிக்காரரின் தராசை ஒரு முறை முறைத்துவிட்டு வந்தால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும். இப்போது அடுப்படியிலிருந்து படுக்கையறைக்கு இருபத்திரண்டு அடி, திரும்ப இருபத்திரண்டு அடி. சுவர்க் கடிகாரத்தைத் தவிர முறைக்க ஆளில்லை.

கீழேயோ ராஜ்ஜியம் அமோகமாக நடந்தது. லாரியின் பழைய பிரேக் டிரம்தான் உலை. அதற்குக் காற்று ஊத டீச்சரின் தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கேட்காமலே எடுத்துப் போயிருந்தார். இரும்பை வைத்து அடிக்கும் பட்டடை எங்கிருந்தோ வண்டியில் வந்தது. அதை இறக்க நாலு ஆட்கள் முக்கினார்கள். தோலில் ஒரு மேலங்கி, கறுப்புக் கண்ணாடி, முழங்கைவரை உறை. டீச்சர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மனிதர் பட்டடைக்கு எண்ணெய் தடவித் துடைத்துக்கொண்டிருந்தார். பெற்ற மகளுக்குக் குழந்தையில் ஒருநாளாவது தலைக்கு எண்ணெய் வைத்திருப்பாரா? கிடையாது.

இரண்டாம் வாரம் முதல் படைப்பு மாடிக்கு வந்தது. ஒரு கொக்கி. இரண்டு கையிலும் ஏந்தி வந்து மேஜைமேல் வைத்தார். டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திருத்தும் விடைத்தாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இது கொக்கியா, கேள்விக்குறியா?"

"கரி சரியில்லே. சூடு ஒரே மாதிரி ஏறலே."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அன்று சாயங்காலம் மகள் போன் செய்தபோது அவளிடமும் சொல்லிச் சிரித்தாள். அவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு எதுவும் மாடிக்கு வரவில்லை. பத்து நாள் அடங்கிக் கிடந்த சத்தம் மட்டும் பிறகு கீழே ஓயவே இல்லை. சிரங்கு பிடித்தவன் கையும் இரும்பு பிடித்தவன் கையும் சும்மா இருக்காது என்பார்களே, அந்தக் கதைதான். செய்ததையெல்லாம் போட்டோ எடுத்து வெளியூரில் இருந்த மகளுக்கு அனுப்பினார். அவள் வழியாகத்தான் டீச்சருக்குச் சேதி வந்தது.

"அம்மா, அப்பா இரும்புல ஒரு இலை அடிச்சிருக்கார், பாத்தியா? நரம்பெல்லாம் தெரியுது!"

"இலை மரத்துலயே சும்மா முளைக்குதுடி. கைப்பிடி முளைக்குமா? அதைக் கேளு உங்கப்பாவை."

"விடும்மா. வயசான காலத்துல அவருக்கும் ஒரு பொழுதுபோக்கு வேணும்ல?"

பொழுதுபோக்கு! இவர் பொழுது போக, தன் பொழுது இந்த நாலு சுவருக்குள் அழுகுவது யார் கண்ணுக்கும் தெரியவில்லையே என்று டீச்சருக்கு வயிறு எரிந்தது. தினமும் சாப்பாட்டின்போது கேட்டாள். தினமும் ஒரு பதில் இருந்தது. கம்பி வரவில்லை. வந்த கம்பி சரியில்லை. அளவு இன்னொரு தடவை பார்க்க வேண்டும். பத்திர அலுவலகத்தில் ஜனங்களை "நாளைக்கு வா" என்று அலைய விட்ட அதே குரல். நாலாவது மாதம் அவள் சோற்றுக் கரண்டியைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "இந்த வாரம் கண்ணுல ஏதாவது காட்டுங்க. இல்லேன்னா நான் உட்கார்ந்தபடியே பதினாறு படியும் இறங்குவேன். தெருவே வேடிக்கை பார்க்கட்டும்."

அந்த வாரக் கடைசியில் காட்டினார். ஒரு கை நீளத்துக்குச் சதுரக் கம்பி. பழுக்கக் காய்ச்சி, ஒரு முனையைப் பிடிப்பானில் இறுக்கி, மறுமுனையைத் திருகி, முழு நீளத்துக்கும் முறுக்கியிருந்தார். நுனியில் ஓர் இலை. கறுப்பாக மினுமினுத்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. டீச்சரே ஒரு நொடி இலையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அதைக் கைப்பிடியாகப் பிடித்து, உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்தினாள். முறுக்கிய கம்பியின் நாலு விளிம்பும் உள்ளங்கையில் ஏறின. கையை விரித்துக் காட்டினாள். தோல் சாய்சாய்வாகக் கோடு கோடாகச் சிவந்திருந்தது.

"இதைப் பிடிச்சு இறங்கினா, கீழே போய்ச் சேர்றப்ப முழங்கால் இருக்கும். கை இருக்காது."

"முறுக்கினாத்தாங்க... முறுக்கினாத்தான் அழகு" என்றார். பதற்றத்தில் பெண்டாட்டியையே 'ங்க' போட்டுவிட்டார், முன்னாளில் மேலதிகாரியிடம் பேசியதுபோல.

அதைக் கேட்டதும் டீச்சருக்கு அடக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். நாலு மாதச் சிரிப்பு. கைப்பிடி என்றால் கை பிடிக்க வேண்டும் என்பது தெரியாத ஆளிடமா நான் காலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவர் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அன்று முழுக்கக் கீழே சுத்தியல் சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் டீச்சரே வெல்டருக்குப் போன் செய்தாள். வாசல் கேட்டை அடித்துக் கொடுத்தவர் அவர்தான். அரை மணியில் வந்து படி உச்சியில் நின்றார்.

"ஒருவழியா சாருக்கு மனசு வந்துடுச்சா டீச்சர்?"

"சாருக்கு என்ன மனசு?"

"என்ன டீச்சர், தெரியாத மாதிரி கேக்குறீங்க? நீங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுவாரமே சார் என்னைக் கூப்பிட்டாரே. நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. அளவெடுத்துட்டுப் போய்க் குழாயெல்லாம் வெட்டி வச்சுட்டேன். மாட்ட வரட்டுமான்னா, இப்ப வேணாம், நான் சொல்றப்ப வாங்கன்னாரு. மூணு தடவை போன் போட்டேன். மூணு தடவையும் அதே பேச்சு. குழாய் என் பட்டறையில தூசி படிஞ்சு கிடக்கு."

 இத்தனை நாளும் டீச்சர் கணவரைக் கையாலாகாதவர் என்றுதான் நினைத்திருந்தாள். கையாலாகாதவரை மன்னித்துத் தொலைக்கலாம். இது வேறு.

"எடுத்துட்டு வாங்க. இன்னைக்கே மாட்டணும்" என்றாள்.

வெல்டர் இறங்கவும் கண்காணிப்பாளர் ஏறி வரவும் சரியாக இருந்தது. தோல் மேலங்கியோடு, கையில் கரியோடு வந்து வாசற்படியில் நின்றார். டீச்சர் கத்தவில்லை.

"ஏன்?"

அவர் உறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். "முதல்ல அவரை வச்சே போட்டுடலாம்னுதான் இருந்தேன்."

"அப்புறம்?"

"கைப்பிடி வந்தா நீ இறங்கி வருவே."

"வந்தா என்ன? நான் என்ன புலியா?"

"வந்து பார்ப்பே. பார்த்துச் சிரிப்பே." உறையின் விரல்களை இழுத்து விட்டுக்கொண்டார். "அந்தக் கொக்கிக்கு நீ சிரிச்சதுல பத்து நாள் என்னால சுத்தியலைத் தூக்க முடியலே. ஆபீஸ்ல முப்பத்து நாலு வருஷம் சிரிச்சாங்க. வீட்ல நீ சிரிக்கிறே. அந்தக் கொட்டகையில மட்டும்தான் யாரும் சிரிக்கலே. நான் செய்றது ஒண்ணுத்துக்கும் உதவாதுன்னு எனக்கே தெரியும். அதை நீ வேற வந்து சொல்லணுமா?"

"அதுக்காக நாலு மாசம் என்னைச் சிறை வச்சீங்களா? நீங்க பொம்மை செய்ய, நான் காலைத் தரணுமா?"

"தப்புதான்" என்றார். 

த்தூ, இதுவும் ஒரு ஆண்பிள்ளையா என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பெண்டாட்டி சிரித்துவிடுவாள் என்று பயந்து படியைப் பிடுங்கிக்கொண்டவர்! இதைச் சொல்லிக் குத்த நாக்கு நுனியில் ஒன்பது வாக்கியம் வந்து நின்றது. ஒன்றையும் சொல்ல முடியவில்லை. ஒவ்வொன்றும் அவர் சொன்னதையே நிரூபிக்கும். அது அவளுக்கு மகா எரிச்சலாக இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் வெல்டர் குழாயை மாட்டிவிட்டுப் போனார். உருண்டைக் குழாய், சாம்பல் பெயிண்ட், இலையும் இல்லை, கொடியும் இல்லை. பெயிண்ட் காயட்டும் என்று டீச்சர் ஒரு ராத்திரி பொறுத்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். நல்ல காலை முதலில் வைக்கக் கூடாது, வலிக்கிற கால்தான் முதலில் என்று பயிற்சிப் பெண் சொன்னதை ஒவ்வொரு படிக்கும் முணுமுணுத்துக்கொண்டாள். எட்டாவது படிவரை சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்பதாவது படியில் அவள் செருப்பு தேய்ந்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். சுத்தியல் நின்றது. தொடர்ந்து கொட்டகையின் ஷட்டர் கடகடவென்று முக்கால்வாசி இறங்கியது.

கீழே வந்து சேர்ந்தாள். ஷட்டருக்கு அடியில் அவருடைய இரண்டு பாதங்கள் தெரிந்தன. அசையவில்லை. உள்ளே நெருப்பு படபடவென்று பொரிவது மட்டும் கேட்டது. முப்பத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர், மூச்சைப் பிடித்துக்கொண்டு, இவள் போய்த் தொலைய வேண்டுமே என்று நின்றுகொண்டிருக்கிறார்.  ஷட்டரைத் தூக்க ஒரு கை போதும். தூக்கி, நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லலாம். ஆனால் அவள் வாயிலிருந்து அது வந்தால் அவர் நம்ப மாட்டார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"நான் கடைத்தெருவுக்குப் போறேன்" என்று ஷட்டரைப் பார்த்துச் சொன்னாள். "வர ஒரு மணி நேரம் ஆகும். நீங்க உங்க வேலையப் பாருங்க."

 பாதங்கள் நகரவில்லை.

கேட்டைத் திறந்து தெருவில் இறங்கினாள். நாலு மாதம் ஏங்கிய தெரு. எதிர்வீட்டுக்காரி "வாங்க டீச்சர், கால் எப்படி இருக்கு?" என்றாள். என்ன பதில் சொன்னோம் என்று டீச்சருக்கு நினைவில்லை, காது பின்னால் இருந்தது. இரண்டு வீடு தாண்டினாள், சத்தமில்லை. மின்கம்பம் தாண்டினாள், சத்தமில்லை. முனை திரும்பி, அவள் தலை மறைந்த பிறகுதான் சுத்தியல் மெதுவாக ஒரு தட்டு தட்டியது. பிறகு இன்னொன்று. பிறகு ஓங்கி ஓங்கி, நிற்காமல்.