தெருவில் கொதிக்கும் பானை

1
இந்தக் கதை எனக்குக் கனவில் வரவில்லை. எங்கள் ஊர் நகர்மன்றம் கேட்டது: நம் பழைய நாடாளுமன்றத் தொகுதியின் வரலாறு, ஒரே பக்கத்தில். இப்படித் தொடங்கினேன்:

‘பல தலைமுறைகளாக லண்டனுக்கு உறுப்பினர் அனுப்பி, 1832இல் ஒழிக்கப்பட்ட பெருமைமிகு போல்விடன் தொகுதி...’

பெருமையாம்! மொத்த வாக்காளர்கள் முப்பத்தொரு பேர். வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன். (போல்விடன் நான் வைத்த பெயர். உண்மைப் பெயரைப் போட்டால் ரொட்டிக்கடையில் எவரும் என்னோடு பேசமாட்டார்கள்.)

2
அந்தக் காலத்தில், சொந்த அடுப்பில் பானை வைக்கும் ஆணுக்கு இங்கே ஓட்டு உண்டு. சந்தேகம் வந்தால், தேர்தலன்று தெருவில் ஊர் பார்க்கக் கொதிக்க வைத்துக் காட்ட வேண்டும்.

செருப்புத் தைக்கும் ஜாகோவை வீரனாக்க ஆசைப்பட்டேன். அவன் ஒத்துழைக்கவில்லை. 1831 தேர்தல், இரு பக்கமும் பதினைந்துக்குப் பதினைந்து. மிச்சம் அவன் ஓட்டு. குடியிருப்பதோ ஊர்ப் பிரபுவின் வீடு. தேர்தலில் நிற்கும் பிரபுவின் மருமகனுக்குப் போடாவிட்டால் சாமான்கள் தெருவுக்கு வந்துவிடும்.

“இன்னும் கொதிக்கலையா டாம்சின்?”

“அடுப்பு மூட்டினது நான், டர்னிப் நறுக்கினது நான். ஓட்டு மட்டும் உனக்கு. பொறுய்யா,” என்றாள் மனைவி.

பிரபுவின் காரியஸ்தர் ரோஸ்வார்ன் வந்தார். “என்னப்பா ஜாகோ, கூரை ஒழுகுதாமே?”

“பத்து வருஷமா ஒழுகுது ஐயா. இன்னைக்குத்தான் உங்க காதுல விழுந்துச்சா?”

அவர் நகர்ந்ததும் டாம்சின் குரலைத் தாழ்த்தினாள். “மான்செஸ்டர்ல உன் தம்பி இருக்கான். அவ்வளவு பெரிய ஊருக்கு ஒரு உறுப்பினர் கெடையாது. எதிர்த்து நிக்கிற வக்கீல் ஜெயிச்சா, நம்ம தொகுதியை எடுத்து அங்க குடுக்கச் சொல்வேங்கறாரு.”

“அப்ப என் ஓட்டும் போயிடுமே!”

“வீடும்தான் போகும். மூணு புள்ளைங்களை எங்கய்யா படுக்க வைக்கிறது?”

3
முடிவு ஒன்று: அவள் பானையைக் கவிழ்க்கிறாள். ஓட்டும் இல்லை, வம்பும் இல்லை. (எழுதிப் பார்த்தேன். கரண்டியோடு என்னை முறைத்தாள். அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: ஜாகோ மருமகன் பெயரைச் சொல்கிறான். (எனக்கு அவமானமாக இருந்தது. எனக்குச் சொந்த வீடு இருக்கிறது, அவமானப்படுவது சுலபம்.)

முடிவு மூன்று: ‘ஜாகோ நிமிர்ந்து நின்று, தெளிவான குரலில்...’

4
தொகுதி எப்படியும் மறு வருடமே போய்விட்டது. அதை நான் இப்போது சொல்லி ஜாகோவுக்கு என்ன பிரயோசனம்?

பானை கொதித்துவிட்டது. முடிவை நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் அப்போது ரகசிய வாக்குச்சீட்டு கிடையாது. மனதுக்குள் முடிவு செய்துவிட்டுப் பக்கத்தைப் புரட்ட முடியாது. தெருவில் நின்று பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். ரோஸ்வார்ன் பென்சிலை எடுத்துவிட்டார். நீங்கள் குடியிருக்கும் வீடு யாருடையது என்று விசாரிக்கிறார்.