நாலு கிராம்

வண்டிச் சாவியை ஜெயக்கொடி உருவியபோதும் ஆன்சன் சிரித்துக்கொண்டுதான் நின்றான். சட்டம் தன் பக்கம் என்கிற தெம்பு. கோச்சடையிலிருந்து விடியுமுன்னே கிளம்பி வந்து, திருவாதவூர்ப் பக்கம் அவளுடைய மல்லிகைத் தோட்டத்துக்கு மேலே ஆசைக்கு ட்ரோன் விட்டுப் பார்த்திருந்தான். மிஷன் பள்ளியில் தற்காலிக கிளார்க் வேலை. திங்கட்கிழமை நிரந்தர ஆர்டர் வரவேண்டும். போலீஸ், கேஸ் என்று பேர் அடிபட்டால் வராது.

பூப்பறித்துக்கொண்டிருந்த பெண்கள் மடிப்பூவோடு வந்து சுற்றி நின்றார்கள். ஒருத்தியும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"போன மாசமும் இப்படித்தான் ஒண்ணு பறந்துச்சு," என்றாள் ஜெயக்கொடி. "மறுவாரமே ரோடு வருதுன்னு எங்க நெலத்துல கல்லை நட்டுட்டுப் போயிட்டாங்க. உன்னைய யாரு அனுப்புனது?"

"யாரும் அனுப்பலக்கா. சும்மா ஆசைக்கு வச்சிருக்கேன். இருநூத்தம்பது கிராமுக்குள்ள இருந்தா லைசென்ஸே வேண்டாம். இது இருநூத்தி நாப்பத்தொம்பதுதான். வேணும்னா நிறுத்துப் பாருங்க!"

அதற்கு முன்பே வாயை மூடியிருக்கலாம். கிராம் கணக்கில் பூ நிறுக்கிற இடத்தில் வந்து இந்தப் பேச்சைப் பேசினான், பாவி.

ஜெயக்கொடி தராசிலிருந்த பூவை வழித்துவிட்டு ட்ரோனை வைத்தாள். இருநூற்று ஐம்பத்து மூன்று.

ஆன்சன் ட்ரோனைப் புரட்டினான். அடியில் காசளவுக்கு ஒரு அந்தோனியார் சுரூபம். புது வண்டிக்கு ஒட்டுவதுபோல, சாமியாரிடம் மந்திரித்து வாங்கி அம்மா சூசையம்மாள் பசைபோட்டு ஒட்டியது.

"இதுதாங்க்கா கூடிருச்சு. எடுத்துர்றேன்," என்று நகத்தால் நெம்பினான்.

"எடுத்துட்டா சரியாப் போச்சா? அப்ப எங்க நெலத்துக் கல்லையும் இப்படி எடுத்துருவியா?"

பின்னால் அவள் புருஷன் நல்லகாமன் போனில் பேசிக்கொண்டிருந்தான். "ஆமா சார், அவன் சொன்ன கணக்குக்கு மேலதான் இருக்கு. தராசுலயே வச்சுப் பாத்தாச்சு. ஆளைப் பிடிச்சு வச்சிருக்கோம், வாங்க."

சுரூபம் பிய்ந்து கைக்கு வந்தது. அவசரமாக ட்ரோனைத் திரும்பவும் தராசில் வைத்தான். இருநூற்று நாற்பத்தொன்பது. ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை.

நல்லகாமன் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினான். "எங்க வேலை பாக்குறன்னு ஸ்டேஷன்ல கேக்குறாங்க. சொல்லு."