சாட்சிக் கையெழுத்து

ஹேமாவதியின் அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டில். வேலை என்னவோ இங்கிலாந்துக்கு. அங்கே வீடு வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் தங்கள் வக்கீலுக்கு எழுதும் கேள்விகள் இவளுடைய மேஜைக்கு வரும். இவள் பதில் எழுதி அனுப்புவாள். அந்த வக்கீல் ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் பெயரில் அனுப்பிவிடுவார்.

விலை பேசி முடித்த பிறகு விற்பவர் பின்வாங்கலாமா? ஒப்பந்தம் கைமாறும் வரை தாராளமாகப் பின்வாங்கலாம். பக்கத்து வீட்டோடு சண்டை இருந்ததைச் சொல்ல வேண்டுமா? கேட்டால் மறைக்கக் கூடாது. ஜன்னல் திரைகள் வீட்டோடு சேர்த்தியா? எழுதிக் கொடுத்திருந்தால் சேர்த்தி.

"அக்கா, பாதி இங்கிலாந்தை நீங்கதான் வித்துக் குடுத்திருக்கீங்க. கமிஷன் கேளுங்க" என்பாள் அடுத்த நாற்காலி சௌம்யா.

அன்றைக்கு டெபோரா என்ற ஒருத்தி எழுதியிருந்தாள். வீடு என் கணவர் பெயரில் மட்டும் இருக்கிறது, என்னைக் கேட்காமல் அவர் விற்க முடியுமா? ஹேமாவதி யோசிக்கவே இல்லை. விரல்கள் தாமாக எழுதின: வீடு யார் பெயரில் இருந்தாலும், மனைவி என்ற முறையில் அங்கே குடியிருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை நிலப் பதிவேட்டில் குறித்து வைக்க விண்ணப்பிக்கலாம். குறித்துவிட்டால், நீங்கள் சம்மதித்து அதை நீக்கும் வரை எந்த வக்கீலும் தன் கட்சிக்காரரை அந்த வீட்டை வாங்க விடமாட்டார்.

மாலை மின்சார ரயிலில் நின்றபடியே வேப்பம்பட்டு வந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, கூடத்தில் புரோக்கர் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் அவள் கணவன் அழகேசன்.

"வாம்மா. உனுக்காகத்தான் வெயிட் பண்ணிகினு கீறோம்" என்றார் புரோக்கர். "அட்வான்ஸ் குடுத்தாச்சு, வெள்ளிக்கெழம ரெஜிஸ்ட்ரேஷன். வாங்குற பார்ட்டி ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாரு. சாட்சி எடத்துல ஊட்டுக்காரம்மா கையெழுத்து இருந்தா நல்லாருக்கும்ங்கிறாரு."

வீட்டை விற்கலாமா என்று ஒரு மாதம் முன்பு அழகேசன் பேச்செடுத்தான். அவன் தம்பி விக்ரம் பூந்தமல்லியில் கார் சர்வீஸ் கடை போட வேண்டுமாம். யோசிக்கலாம் என்று இவள் சொன்னாள். முன்பணம் வாங்கியாயிற்று என்பது இப்போதுதான் தெரிந்தது.

"என்கிட்ட எதுக்கு சாட்சி?"

"நாளைக்கு எனுக்குத் தெரியாது, என்னிய கேக்காம வித்துட்டாருன்னு யாரும் கேஸு போடக் கூடாதுல்ல. சும்மா ஒரு சேஃப்டிம்மா. இன்னா சார்?"

அழகேசன் சிரித்தான்.

வீடு வாங்கிய வாரம் ஹேமாவதி பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். அப்போது பிறந்த மகன் இப்போது ஹாஸ்டலில் படிக்கிறான். அப்பா போட்ட நகைகளில் தாலிச் செயினைத் தவிர எல்லாம் விற்று முதல் பணம் கட்டினார்கள். இந்த நிலைமையில் நீ எதுக்கு அலையணும், உன் பேரை அப்புறம் சேத்துக்கலாம் என்றான் அழகேசன். பிறகு கடன் தவணை இவள் சம்பளத்தில் போனது. அந்த அப்புறத்தை இவள் நினைவுபடுத்தவே இல்லை. கேட்டால் சந்தேகப்படுவதாக ஆகிவிடும். கேட்காமல் இருப்பது பெருந்தன்மை என்று இத்தனை வருடம் தன்னைத் தானே மெச்சிக்கொண்டிருந்தாள். அது வெறும் பயம் என்று, புரோக்கரின் காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நிமிஷத்தில் தெரிந்தது.

"நான் போட மாட்டேன்."

புரோக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழகேசன், "இருக்கட்டும், பேசிக்கலாம்" என்றான். புரோக்கர் எழுந்து போனார். அழகேசன் சத்தம் போடுவான் என்று காத்திருந்தாள். அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

ஹேமாவதிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், கொஞ்சம் வெட்கத்தோடு. அவள் கையெழுத்து ஒருவருக்குத் தேவைப்படுகிறது. அது இல்லாமல் வேலை நடக்காது. டெபோராவும் தானும் ஒரே பதிவேட்டில் இருப்பது போல நினைத்துக்கொண்டாள். மறுநாள் துணி மடிக்கும்போது வாய்க்குள் ஏதோ பாட்டு வந்தது.

வெள்ளிக்கிழமை நிம்மதியாக ஆபீஸ் போனாள். மாலை திரும்பியபோது வாசலில் அப்பாவின் செருப்பு கிடந்தது. வேலுசாமி ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது பட்டாபிராமில் இருக்கிறார். சொல்லாமல் வருகிறவர் இல்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த அவர் மடியில் ஒரு ஸ்வீட் பாக்ஸ் இருந்தது.

"ரெஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சுதும்மா."

"எப்படி முடியும்? நான் கையெழுத்தே போடலையே."

"யாராவது ரெண்டு பேர் போட்டா போதுமாம். பத்திரம் எழுதுறவரோட ஆள் ஒருத்தர் போட்டாரு." ஸ்வீட் பாக்ஸின் நூலைச் சரி செய்தார். "இன்னொண்ணு நான் போட்டேன். பொண்ணோட அப்பாவே போட்டாச்சுன்னா மனைவி போட்ட மாதிரிதான்னு அந்தப் பார்ட்டியும் ஒத்துக்கிட்டாரு."

"நான் மாட்டேன்னு சொன்னது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். மாப்பிள்ளை சொன்னாரு. அதனாலதான் நானே போனேன். நீ பாட்டுக்கு வீம்பு புடிச்சு, விஷயம் நாலு பேர் வாய்ல விழுந்துடக் கூடாதுல்ல."

"நகை நீங்க போட்டதுப்பா."

"உனக்குப் போட்டேன். நீ அவருக்குக் குடுத்த. அதுல நான் என்ன பேசுறது? மாப்பிள்ளை வந்து கேக்கும்போது மாட்டேன்னு சொல்ல முடியுமா?" பிறகு, கொஞ்சம் இறங்கிய குரலில், "காபி இருக்காம்மா? மத்தியானம் சரியா சாப்பிடல" என்றார்.

அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். அழக்கூட வரவில்லை. அவளுடைய மறுப்பை மீறி வீடு போயிருந்தால்கூட ஒரு ஆறுதல் இருந்திருக்கும். மறுப்பை யாரும் மீறவில்லை. சும்மா சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள், நடுத்தெருவில் படுத்திருக்கும் மாட்டைச் சுற்றிக்கொண்டு போவது போல.

பால் பொங்கும்போது அழைப்பு மணி அடித்தது. வீடு வாங்கியவரின் மனைவி நிவேதிதா, கையில் அளவு டேப்போடு நின்றாள். சின்னப் பெண். கண்ணெல்லாம் சிரிப்பு.

"சாரிக்கா, ஜன்னல் அளவு எடுத்துக்கவா? கர்ட்டனை எடுத்துட்டுப் போவீங்களா, விட்டுட்டுப் போவீங்களா?"

"வெச்சுக்கோ."

"தேங்க்ஸ்க்கா. பெயின்ட் கலர் மட்டும் நான் சொன்னேன், மத்ததெல்லாம் அவரே பாத்துக்கிட்டாரு. பத்திரத்தைக்கூட நான் இன்னும் படிக்கல." ஜன்னல் மேல் டேப்பை வைத்தவள் திரும்பினாள். "அக்கா, நீங்க வீட்டுச் சட்டமெல்லாம் பாக்குற வேலையாமே. நான் ஏதாவது தெரிஞ்சுக்கணுமா?"

டெபோராவுக்கு எழுதியது போல ஒரு வாக்கியம் நாக்கு வரை வந்தது. உன் பேரை இப்பவே சேர்க்கச் சொல். அப்புறம் என்று விடாதே. கூடத்திலிருந்து அப்பா இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க ஹேமாவதிக்கு மனது இறுகியது.

"எனக்கு இங்கிலாந்துச் சட்டம் மட்டும்தான் தெரியும்" என்றாள்.

டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.