பெட்டிக்குள் ஐந்தாமவர்

தையல்காரர், பஸ் டிரைவர், வாத்தியார், கண்ணாடிக் கடைக்காரர் என நான்கு தோழர்களும் குனிந்து சவப்பெட்டிக்கு அடியில் கை கொடுத்த நேரத்தில்தான், வாசலில் நாற்காலி போட்டிருந்த காவல் அதிகாரி, "கொஞ்சம் இருங்க" என்றார்.

பெட்டியருகே உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவின் கட்சிக்கு ஊரில் மொத்தமே பதின்மூன்று பேர். அந்தப் பதின்மூன்று பேரைக் கண்டு நடுங்கிப்போன அரசாங்கம் போன வருடம் ஒரு சட்டம் போட்டது: சட்டசபையில் இடமில்லாத கட்சிக்காரர்கள் நான்கு பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடினால் சிறை. பெயர் மட்டும் 'கருத்துரிமைப் பாதுகாப்புச் சட்டம்'. காலையிலிருந்து தோழர்கள் நான்கு நான்கு பேராக வந்து அழுதுவிட்டு, அடுத்த நால்வருக்கு வழிவிட்டார்கள். எண்ணிக்கொண்டிருந்த காவலர் சாப்பிடப் போக, படித்த அதிகாரி வந்து உட்கார்ந்ததுதான் வினை.

"நாலு பேர்தானே சார் இருக்கோம்?" என்றார் தையல்காரர்.

"உள்ள படுத்திருக்கறவரையும் சேத்தா அஞ்சு."

"அவர் செத்துட்டாருய்யா!"

"சான்றிதழ் திங்கக்கிழமைதான் வரும். அதுவரைக்கும் அவர் உறுப்பினர்தான். சட்டத்தை நானா எழுதினேன்?"

"கூட்டத்துக்கு என்னைக்குமே லேட்டாத்தான் வருவாரு. இன்னைக்குத்தான் நேரத்துக்கு வந்திருக்காரு" என்றார் பஸ் டிரைவர்.

வாத்தியார் பெட்டியை ஒருமுறை தடவிவிட்டு விலகினார். சட்டம் சொன்ன ஐம்பதடி தூரத்தில் போய் முதுகைக் காட்டி நின்றார். மூன்று தோளில் பெட்டி நிற்காது. தெருவில் சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

மகளுக்கு அரசு அலுவலகத்தில் வேலை. அப்பாவின் கட்சிக்கும் தனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் அதைக் காப்பாற்றியிருந்தாள். எழுதியபோது அப்பா பக்கத்தில்தான் இருந்தார். "இன்னும் கொஞ்சம் காரமாத் திட்டும்மா. இல்லேன்னா நம்ப மாட்டானுங்க."

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நீங்க மெம்பராம்மா?"

"இல்ல சார்."

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "தூக்கினவங்க பேரை நான் எழுதியாகணும். ஆபீசுக்குப் போயிடும். வேலை இருக்காது, யோசிச்சுக்குங்க."

"எழுதிக்குங்க."

பெட்டி எழுந்தது. அவள் குள்ளம், பெட்டி அவள் பக்கமாகச் சரிந்தது. தையல்காரர் அவள் உயரத்துக்கு முழங்காலை மடக்கினார். டிரைவர் மடக்கினார். கண்ணாடிக் கடைக்காரரும் மடக்கினார். அந்த மூன்று கிழவர்களும், பாதி உட்கார்ந்த நிலையிலேயே, தெருவில் நடக்கத் தொடங்கினார்கள்.